மிதவைக்கு அந்தப் பக்கம்

நான் தூத்துக்குடியில் மீன்வளம் படித்த காலத்தில், கடற்கரையில் பவளக்கல் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். வள்ளத்தில் வந்து இறங்கும் கல்லைத் தலைச்சுமையாகக் கரையேற்றுவார்கள். மேலே லாரி நிற்கும். சுண்ணாம்புக் காளவாய்க்கு ஒரு பங்கு, கார்பைடு ஆலைக்கு ஒரு பங்கு, உருப்படியான கல்லெல்லாம் வீட்டுச் சுவருக்கு. ஈரம் காயாத கல்லைப் புரட்டினால் பொந்துக்குள்ளிருந்து விரல்நுனி அளவு நண்டு ஒன்று வெளியே ஓடிவரும். கல்லின் மேல் பசைபோல ஒரு வழுவழுப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கல்லைக் கட்டிய உயிர் அதுதான் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். கரையில் அந்தப் பேச்சே கிடையாது. மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப் பாரை உடைத்து எடுத்ததும் அலை நேரே தீவின் மேல் வந்து மோதியதுதான் அதற்குப் பெரிய காரணம்.

அந்தக் கரையிலிருந்து 1980-களின் நடுவில் ஒரு பயிற்சிக்காக பிலிப்பைன்ஸ் போனேன். நெக்ரோஸ் தீவில் துமகெட்டே என்ற சிறு நகரம், அங்கே சில்லிமன் பல்கலைக்கழகம். நகரத்துக்குத் தெற்கே மலதபாய் கரையில் இருபுறமும் மூங்கில் தாங்கு கட்டிய படகில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அபோ தீவு வந்துவிடும். எரிமலைப் பாறையால் ஆன தீவு. முக்கால் சதுர கிலோமீட்டர்கூட இராது. அப்போது சில நூறு பேர், எல்லோரும் மீனை நம்பிப் பிழைத்தவர்கள். நாங்கள் போன படகில் பாதிக்கு மேல் குடிதண்ணீர்க் கேன்கள்தான்.

அந்தக் காலத்தில் அந்தக் கடலில் நடந்த மீன்பிடியைக் கேட்டால் வயிறு கலங்கும். வெடி வைத்தார்கள், சயனைடு பீய்ச்சினார்கள். ‘முரோ அமி’ என்ற முறையில், பெரிய வலையை விரித்துவிட்டு, கயிற்றில் கல் கட்டிய நீச்சல்காரர்கள் வரிசையாகப் பாருக்கு மேல் நீந்துவார்கள். கல்லைத் தூக்கித் தூக்கிப் பவளத்தின் மேல் போடுவார்கள். சத்தத்துக்குப் பயந்து மீன் வலைக்குள் ஓடும். நீந்தியவர்களில் பலர் சிறுவர்கள். ஒருமுறை வலை இழுத்துப் போன இடத்தில் மிஞ்சுவது நொறுங்கிய கொம்புகள். அபோ மக்களில் பெரும்பாலோர் தூண்டிலும் மூங்கில் கூடும் செவுள்வலையும் வைத்துப் பிழைத்தவர்கள். வெளியூர்ப் படகுகள் வந்து இப்படி வாரிக்கொண்டு போனபோது அவர்களும் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் தாங்களும் அதே வழிக்குப் போனார்கள். மீன் குறைந்தது. தூண்டிலோடு தூரக் கடலுக்குத் துடுப்பு போட வேண்டிய நிலை வந்தது.

சில்லிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா என்ற உயிரியலாளர், செபு தீவின் தெற்கு முனைக்கருகே உள்ள சுமிலோன் தீவில் 1974-லேயே பாரின் ஒரு பகுதியை மூடிவைத்துப் பரிசோதித்தவர். அந்த அனுபவத்தோடு அபோவுக்கு வந்தார். பாரில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள், அங்கே யாரும் மீன் பிடிக்காமல் இருங்கள் என்றார். இருக்கிற மீனே போதவில்லை, இதிலும் ஒரு துண்டை மூடச் சொல்கிறாரே என்று பலருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். பல்கலைக்கழகத்தார் அவசரப்படவில்லை. ஊரோடு தங்கினார்கள், பேசினார்கள், மீனவர்களைச் சுமிலோனுக்கே அழைத்துப் போய்க் காட்டினார்கள். முதலில் சம்மதித்தவை ஒரு சில குடும்பங்களே. அந்தக் குடும்பங்களை வைத்துக்கொண்டே 1982-இல் தீவின் தென்கிழக்குக் கரையோரம் ஏறத்தாழ 450 மீட்டர் நீளத்துக்குச் சரணாலய எல்லை குறித்தார்கள்.

நான் போனபோது எல்லைக்கு அடையாளம் மிதவைகள், காவலுக்கு ஆட்கள், அவ்வளவுதான். காவலர்களுக்குக் கூலி கிடையாது, முறை வைத்துக் காத்தார்கள். கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு டார்ச் விளக்கு. வெளியூர்ப் படகின் எஞ்சின் சத்தம் கேட்டால் எழுந்து போய் விளக்கைக் காட்டுவார்கள். காவலிருந்த ஒருவரிடம், “ஐயா, உங்களுக்கு இதில் என்ன லாபம்?” என்று கேட்டேன். மிதவைக்கு இந்தப் பக்கம் போடுகிற தூண்டிலில்தான் இப்போது நல்ல மீன் ஏறுகிறது என்றார். ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு சொல்ல இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அல்காலாவும் ஆஸ்திரேலியரான கேரி ரஸ்ஸும் விடாமல் மீன் எண்ணினார்கள். பதினெட்டு ஆண்டுகளில் எல்லைக்குள் பாரை மீன்களும், வால் அடியில் கத்திபோல முள் உள்ள மீன்களும் எடையில் மூன்று மடங்காயின. எல்லையை ஒட்டி வெளியே தூண்டில் போட்டவர்களுக்கும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. கொட்டகையில் இருந்தவர் கைக்கயிற்றின் இழுப்பிலேயே அதை அறிந்திருந்தார்.

அபோவுக்கு வழிகாட்டிய சுமிலோனின் கதை வேறு மாதிரி போயிற்று. அது பல்கலைக்கழகத்தின் ஏற்பாடாகவே நின்றது, சுற்றுவட்டாரத்தார் அதைத் தமதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984-இல் காவல் குலைந்தது. வெளியே இருந்தவர்கள் உள்ளே புகுந்து பிடித்தார்கள். பிடிப்பதற்கு முன்னைவிடக் கூடுதல் இடம் கிடைத்தும், ஒன்றரை ஆண்டில் மொத்த மீன்பாடு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கற்றுக்கொடுத்த தீவு காலியாக, கற்றுக்கொண்ட தீவு தழைத்தது. இரண்டுக்கும் அறிவியல் ஒன்றுதான். அபோவில் முடிவெடுத்தது ஊர்க்காரர்களே. இந்தத் துறையில் நான் உறுதியாக நம்புவது என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் போனேன். மலதபாய் கரையில் அதே மூங்கில் தாங்கு படகுகள். இப்போது குடிதண்ணீர்க் கேனோடு ஸ்கூபா சிலிண்டர்களும் ஏறுகின்றன. தீவில் இறங்கியதும் முதலில் கட்டணச் சீட்டு. தீவில் இறங்க ஒரு தொகை, நீந்திப் பார்க்கத் தனி, சிலிண்டரோடு இறங்க அதற்கும் தனி. ஒரு காலத்தில் வெளியூர்ப் படகைத் தடுக்க டார்ச்சோடு ஓடிய ஊர், இன்று வெளியூர்க்காரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதிக்கொள்கிறது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய்கின்றன. முழங்கால் ஆழம் தாண்டி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். ஓர் ஆமை புல்லை வாயால் பற்றி, தலையை ஒரு சொடுக்கு சொடுக்கி அறுத்தது. ஓட்டின் மேல் பாசி படர்ந்திருந்தது. ஒரு சின்ன மீன் அந்தப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு சிறுமியின் குரல் அதட்டியது: தொடக்கூடாது, தள்ளி நில்லுங்கள். அவள் அப்பா வழிகாட்டி. எனக்கு அந்த அதட்டல் அவ்வளவு பிடித்திருந்தது.

பணம் வந்ததில் பிள்ளைகளின் படிப்பு முன்னேறியது. பெண்கள் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார்கள், துணி விற்கிறார்கள். நான் போனபோது மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியது. அதற்காக எல்லாம் சுமுகம் என்று எழுதிவிட முடியாது. சிலிண்டர்க்காரர்கள் கீழே இருக்கும்போது தூண்டிலில் மீன் கடிக்காது என்பது மீனவர்களின் முறையீடு. மூங்கில் கூட்டைத் திறந்து மீனை விடுவித்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்ட பயணிகளும் உண்டாம். அந்த மீனை நம்பி ஒரு வீட்டில் உலை வைத்திருப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? தீவுக்காரர்கள்தான் சொன்னார்கள். சரணாலயத்துக்குள் ஒரு நாளில் இத்தனை பேருக்கு மேல் இறங்கக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள்.

1994-இல் அரசு தீவையும் கடலையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. கட்டணப் பணம் அரசுக் கணக்குக்குப் போய், அதில் 75 சதவீதம் தீவுக்குத் திரும்ப வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. போவது உடனே போய்விட்டது, திரும்புவது தாமதமாயிற்று. முடிவெடுக்கும் இடமும் ஊர்க்கூட்டத்திலிருந்து ஒரு வாரியத்துக்கு மாறிற்று. பத்து வருடம் சொந்தக் காசில் கடலைக் காத்தவர்கள், இப்போது அதே கடலுக்கு மனு எழுதுகிறார்கள். பெரியவர்கள் பலர் இந்த மனத்தாங்கலை மறைக்காமல் சொன்னார்கள்.

எங்கள் கடலிலும் காலம் மாறித்தான் இருக்கிறது. 2001-இல் பாரைக் கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 வாக்கில், கல் எடுப்பது ஏறக்குறைய நின்றது. தேய்ந்துபோன வான் தீவைச் சுற்றி 2015 இறுதியிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிமென்ட் செயற்கைப் பார்களை இறக்கினார்கள். பெயர்த்தெடுத்த இடத்துக்கே காசு செலவழித்துக் கல்லைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பாம்பன் அருகே சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். அவர்களை வழிநடத்திய லட்சுமி 2015-இல் சீகாலஜி விருது பெற்றார். அந்தப் பெண்களை எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் மேடைக்கு மட்டும் கூப்பிடாமல், கடலுக்கு விதி எழுதும் மேசைக்கும் கூப்பிட வேண்டும். கண்ணாடிப் படகும் நீச்சல் சுற்றுலாவும் நம் தீவுகளுக்கு வரும் இந்தக் காலத்தில் அது மிக மிக அவசரம்.

அபோவின் சரணாலயத்தை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை, மூடியிருந்தார்கள். 2011 டிசம்பரில் ஒரு புயல், மறு டிசம்பரில் இன்னொன்று. முப்பது ஆண்டு காத்த பவளம் ஏறக்குறைய முழுவதும் கூளமாகிவிட்டது. தூண்டில் போட அனுமதித்திருந்த மேற்குப் பக்கம் அவ்வளவாக அடிபடவில்லை. வெடியும் விஷமும் முழுத் தீவுக்கும் விலக்கப்பட்டிருந்ததால் அந்தப் பக்கமும் நன்றாகவே வளர்ந்திருந்தது. புயலுக்குப் பின் தீவுக்காரர்கள் சரணாலயத்துக்குள் சிலிண்டர்க்காரர்களை விடுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

எங்களை ஏற்றிவந்த படகோட்டிக்கு அறுபது வயதிருக்கும். வருமானம் போயிற்றே என்று கேட்டேன். மேற்குப் பக்கம் இருக்கிறதே, எல்லோரும் அங்கேதான் இறங்குகிறார்கள் என்றார். அதில் அவருக்கு ஒரு தகராறும் இருந்தது. அவர் விடியலில் தூண்டில் போடுகிற இடமும் அதுதான். காலை எட்டு மணிக்கு முன் அங்கே யாரையும் இறக்கக்கூடாது என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போவதாகச் சொன்னார். தீவில் விடுதி நடத்தும் மருமகனும் அதே கூட்டத்துக்கு வருவாராம். அவர் ஏழு மணி என்கிறாராம்.