வேலைக்கும் வைக்கும் தீ

கேள்வி: துப்பாக்கியால் சுட்டாலும் ‘ஃபயர்’, வேலையை விட்டுத் தூக்கினாலும் ‘ஃபயர்’. தீக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நடுவில் ஒரு துப்பாக்கி நிற்கிறது!

அந்தக் காலத்துப் பீரங்கியில் விசை கிடையாது. பின்பக்கத்துச் சிறு துளையில் மருந்தைத் தூவி, கனன்றுகொண்டிருக்கும் திரியால் உண்மையாகவே நெருப்பு வைக்க வேண்டும். ‘தீ வை’ என்ற அந்தக் கட்டளைதான் ‘ஃபயர்!’ (வில்வீரர்களைப் பார்த்துத் தளபதி ‘ஃபயர்!’ என்று கத்தும் படங்களை இனி மன்னிக்காதீர்கள். அம்பில் ஏது வெடிமருந்து?) தமிழும் இங்கே ஆங்கிலத்துக்குச் சளைத்ததல்ல: தோசையையும் சுடுகிறோம், துப்பாக்கியாலும் சுடுகிறோம்.

வேலை விஷயம் அமெரிக்கர்களின் குறும்பு. ‘டிஸ்சார்ஜ்’ என்றால் பணியிலிருந்து விடுவிப்பது. துப்பாக்கியை வெடிக்கச் செய்வதும் அதேதான். இரண்டும் ஒன்றென்றால் ‘ஃபயர்’ என்றே சொல்லிவிடலாமே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலேடையாகப் புழங்கத் தொடங்கியது, அகராதியிலேயே உட்கார்ந்துவிட்டது. எத்தனையோ பேரின் வயிற்றில் நெருப்பைக் கட்டும் சொல், பிறந்தது விளையாட்டாக!

‘ஃபயர்’ என்ற சொல்லின் வேரோ மிகப் பழையது. நெருப்பைக் குறிக்கும் கிரேக்கத்தின் ‘பைர்’ இதற்குப் பங்காளி. சமஸ்கிருத ‘அக்னி’யோ வேறு குடும்பம், அதன் உறவு லத்தீன் ‘இக்னிஸ்’. உங்கள் பைக்கின் ‘இக்னிஷன்’ அந்த வழி வந்தது. நீங்கள் தினமும் காலையில் சாவியைத் திருகி எழுப்புவது அக்னியின் உறவுக்காரரைத்தான்.