வயிற்றுவாரும் வம்சாவளியும்

கேள்வி: மோர்மன் சபையினர் இறந்துபோன முன்னோருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாமே? மட்டக்களப்பில் குடி கேட்பதைப் போன்றதா அவர்களது வம்சத் தேடல்?

பதில்: தேடல் ஒன்றுதான், நோக்கம் வேறு. 1830இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவிய இச்சபை, அவர் வெளியிட்ட மோர்மன் நூலால் இப்பெயர் பெற்றது. குடும்ப உறவு சாவோடு அறுவதில்லை என்பது இதன் கோட்பாடு; ஆகவே நற்செய்தி கேளாமல் மாண்டோருக்காக உயிருடனிருப்பவர் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறலாம் என 1840இல் ஸ்மித் போதித்தார். பன்னிரண்டு எருதுச் சிலைகள் முதுகில் தாங்கும் தொட்டியில், இறந்தவரின் பெயர் உரைக்கப்பட, பதிலாள் முழுவதும் நீரில் அமிழ்ந்து எழுகிறார். அதனை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் ஆன்மாவைப் பொறுத்தது என்பது நம்பிக்கை. பெயர் தெரியாமல் சடங்கு நடவாது என்பதாலேயே 1894இல் வம்சாவளிச் சங்கம் அமைத்து, பின்னர் பல நாட்டுப் பதிவேடுகளைப் படச்சுருளாக்கி, யூட்டா மாநிலத்தில் மலையைக் குடைந்த காப்பறையில் சேர்த்தனர்.

மட்டக்களப்பு வாவிக்கரையில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக இறங்குகிறது. ஒரே குடிக்குள் மணம் கூடாது என்பதால் சம்பந்தம் பேசும்போது முதலில் குடி கேட்கப்படுகிறது. கோயில் திருவிழா உரிமையும் குடிவழியே வருகிறது. இங்கு வம்சம் உயிரோடிருப்போரின் உறவையும் உரிமையையும் வரையறுக்க, அங்கு அது மாண்டோரைக் குடும்பத்தோடு மீண்டும் இணைக்கிறது. மலைக் காப்பறையில் படச்சுருள் செய்யும் பணியை, வாவிக்கரையில் வயிற்றுவார் என்னும் தாய்வழிக் கிளையை ஏடு பாராமல் சொல்லும் மூதாட்டியரின் நினைவே செய்துவருகிறது. அந்நினைவு எழுத்தில் ஏறாமல் அவர்களோடு மறைவது பேரிழப்பு.