வாசலில் 15, சம்பளத்தில் பூச்சியம்

கனடா ஆளை எண்ணித்தான் எடுக்கும். 1967 முதல் புள்ளி போட்டே பொறுக்குகிறார்கள். இப்போது கலாநிதிப் பட்டத்துக்கு 25. ஆறு வருட வேலை அனுபவத்துக்கு 15. நூற்றுக்கு 67 எடுத்தால்தான் வரிசையிலேயே நிற்கலாம். பட்டம் அசல்தானா என்று சோதிப்பார்கள். அதற்கும் காசு நம்முடையது.

விமானம் இறங்கியதும் கணக்கு மாறும். "கனேடிய அனுபவம் இருக்கிறதா?" நேற்று வந்தவரிடம் கேட்கிறார்கள். கொழும்பில் பன்னிரண்டு வருடம் பாலம் கட்டினேன் என்றால் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அங்கே புவியீர்ப்பு வேறு போலும்.

ஐரோப்பாவுக்கு வெளியே சேர்த்த அனுபவத்துக்கு இங்கே சம்பளத்தில் ஏறக்குறைய ஒன்றுமே ஏறுவதில்லை. சொன்னது நாங்கள் அல்ல, புள்ளிவிவரத் திணைக்களத்தின் சொந்த ஆய்வு. சொல்லி இருபது வருடமாகிறது. வாசலில் புள்ளி போட்ட அதே நாடுதான் இந்தப் பூச்சியத்தையும் போடுகிறது.

பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ் ரொறன்ரோ நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். முடிவு 2009இல் வந்தது. ஆங்கிலப் பெயர், கனேடியப் படிப்பு, கனேடிய அனுபவம் என்றால் நூற்றுக்கு 16 அழைப்பு. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயரோடு வெளிநாட்டுப் படிப்பும் அனுபவமும் என்றால் 5. பிரிட்டனிலிருந்து வந்தவருக்கோ ஒரு குறையும் இல்லை. ஒன்ராறியோவிலும் லண்டன் என்றொரு ஊர் உண்டு. அந்த லண்டன் என்று நினைத்துவிட்டார்களாக்கும்.

டாக்சியில் நெஞ்சு வலித்தால் பயமில்லை என்பது இங்கே பழைய பகிடி. 2012இல் அரசாங்கமே உட்கார்ந்து எண்ணியது. டாக்சி ஓட்டும் குடிவரவாளர்களில் மருத்துவப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ பெற்றவர்கள் சுமார் 200 பேர். எண்ணினார்கள். அறிக்கை போட்டார்கள். கடமை முடிந்தது. குடும்ப வைத்தியர் இல்லாமல் இலட்சக்கணக்கானோர் இன்னும் அலைகிறார்கள். அதில் சிலர் அந்த டாக்சியில் ஏறித்தான் கிளினிக் தேடியிருப்பார்கள்.

கனேடிய அனுபவத்தைக் கட்டாயமாக்குவது மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் சொன்னது 2013இல். வேலை விளம்பரத்தில் அதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில். அதுவும் 25 பேருக்குக் குறைந்த நிறுவனம் என்றால் கவலையில்லை. மற்றவர்கள் விளம்பரத்திலும் விண்ணப்பப் படிவத்திலும் அப்படி எழுதக் கூடாதாம்.

எழுதத்தான் கூடாது. விண்ணப்பத்தைக் குப்பையில் போடுகிறவர் எதையும் எழுதிவிட்டா போடுகிறார்?