கிராக்கிலக்கணம்

கிராக் என்பது, அயர்லாந்தில் நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சும் சிரிப்பும் வம்பும் பாட்டும் கலந்து தானாக விளையும் ஒரு பொருள். தனித்திருப்பார்க்கு விளையாது. மது இருந்தால் செழிக்கும். ஆயினும் மதுவே கிராக் ஆகாது என்று உணர்க.

இனி அதன் பிறப்பு. மதுக்கடை வாசலில் 'இசையும் கிராக்கும்' என்று ஐரிஷ் மொழியில் எழுதிய பலகையைக் கண்டு, இது கெல்ட்டியரின் ஆதிச்சொல் என்று சுற்றுலாப் பயணிகள் துணிவர். பொருந்தாது. விரிசலுக்கும் முறிவோசைக்கும் ஆங்கிலத்தார் வைத்த 'கிராக்'தான் இது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அரட்டை என்ற பொருளில் வழங்கியது. ராபர்ட் பர்ன்ஸ் 1785 ஏப்ரல் 1 என்று தேதியிட்ட கவிதைக் கடிதம் ஒன்றில் ஆண்டிருக்கிறார் (தேதியைக் காட்டிச் சான்றைத் தள்ள வேண்டாம்). பிறகு கடல் கடந்து அல்ஸ்டரில் இறங்கித் தெற்கே பரவியது. நம்மூரில் ஒருவனைச் 'சரியான கிராக்கு' என்கிறோமே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பங்காளிகளுக்குள் போக்குவரத்து இல்லை.

பின் ஐரிஷ் சொல் ஆனது எங்ஙனம் எனின், எழுத்தால் என்க. ஆங்கிலத்தில் இதன் ஈறு சி, கே என இரண்டு. ஐரிஷ் மரபு நெடுங்கணக்கோ 18 எழுத்துதான். கே அதில் இல்லை. எனவே கேயை இறக்கிவிட்டு, நடுவே ஓர் ஐயை ஏற்றிக்கொண்டார்கள். வேற்றெழுத்தைக் களைந்து வரும் சொல்லை ஏற்ற தொல்காப்பியர் இதற்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார். 1970களுக்குப் பின் இந்த எழுத்துக்கூட்டு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் புகுந்தபோது, போலி என்று பொருமினவர்கள் உண்டு. பலகை எழுதுகிறவர்கள் அவர்களிடம் யோசனை கேட்கவில்லை.

பால்: பெண்பால். ஆகவே 'அன்' என்னும் சுட்டு முன்னே வந்தால் முதலெழுத்து மெலிந்து, தொண்டையைச் செருமும் ஓசையாகத் திரியும். வந்தேறிச் சொல்லுக்கும் விதிவிலக்கு இல்லை.

வழக்கு: எதிர்ப்பட்டவர் 'கிராக் என்ன?' என்றால், 'என்ன சேதி?' என்று பொருள். ஒருவரை 'நல்ல கிராக்' என்பது பாராட்டு. இதைச் சென்னையில் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

அளவை: மிகுதி குறிக்க, 'கிராக் 90' என்பர். எதில் 90? மணிக்கு இத்தனை மைல் என்று கொள்ளலாம். பாகை என்று கொள்வார் உளராயின், அது மறுக்கப்படும்: கடை சாத்தும் நேரத்தில் அங்கே 90 பாகையில் நிற்பார் எவரும் இலர்.