கல்லா முதலாளி

சிதம்பரம் – காட்டுமன்னார்கோவில் பஸ் குமராட்சியில் நிற்கும்போது எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் இவர் தெரிவார். மளிகை, உரம், ஹார்டுவேர்ஸ், பந்தல் பாத்திர வாடகை என்று போர்டு மாறலாம். கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர் மாறமாட்டார். ஆள் யாரென்று தேட வேண்டாம், ஊருக்கு நாலு பேர் உண்டு. வசதிக்காக மளிகைக் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாளிக்கு ஒரு லட்சியம் இருக்கிறது: சிதம்பரம் மேலவீதியில் ஒரு கிளை. மார்கழி தரிசனத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்பார். தேரும் தரிசனமும் முடிந்து கூட்டம் ஊர் போய்ச் சேர்ந்ததும் தேதி ஆனித் திருமஞ்சனத்துக்கு மாறும். அதுவும் போனால் மறுபடி மார்கழி. நடராஜருக்கு வருஷத்தில் இரண்டு தரிசனம் வைத்த புண்ணியவான் நம் முதலாளியை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

கிளை திறப்பதென்றால் இரண்டில் ஒரு கடையையாவது வேறு ஆளிடம் விட வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. கடைப் பையன் பத்து வருஷமாக இருக்கிறான். அவனுக்கே கல்யாணமாகி, பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறது. இன்னும் கடைப் பையன்தான். மூட்டை இறக்கலாம், எடை போடலாம், பொட்டலம் கட்டலாம். கல்லாவை மட்டும் தொடக் கூடாது. சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில். மத்தியானம் ஐநூறு ரூபாய் நோட்டோடு வந்தீர்களானால், அவர் ரசம் சாதம் முடித்து, மோர் சாதமும் முடித்து, கை கழுவி வரும்வரை நிற்க வேண்டியதுதான்.

போன வருஷம் கேமரா வைத்தார்கள். இனி நிம்மதியாக வெளியூர் போய்வரலாம் என்று வீட்டில் நினைத்தார்கள். மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது ஊரே மணமேடையைப் பார்க்க, இவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்சதை போட்ட கையோடு பட்டனை அமுக்கி, "டேய், தொவரம்பருப்பு தட்டு சாயுது பாரு, கொஞ்சம் எடு!" என்பார். கேமராவின் ஸ்பீக்கர் அதைக் கடைத்தெருவுக்கே ஒலிபரப்பும். பருப்பு வாங்க வந்த ஆயா அரண்டுபோய் மேலே பார்த்து, "யாரு தம்பி பேசறது?" என்று கேட்கும்.

"மொதலாளிதான் ஆயா. கல்யாணத்துல இருக்காரு."

கடை இவர் இல்லாமல் நடக்காது. வீடோ கடை இல்லாமல் நடக்காது. பால்காரர், சிலிண்டர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளின் ஹாஸ்டல், மச்சான் வீட்டு மொய் எல்லாம் ஒரே டிராயர். சோப்பும் எண்ணெயும் ரேக்கிலிருந்து தாமாக மாடி ஏறிப் போகும், சிட்டையில் ஏறாது. "நம்ம கடதான!" கல்லா மேல் வைத்திருக்கும் பெட்டி 'இருநூறு ரூபாய் பெறப்பட்டது' என்று கத்தினால், அதைச் செலவு பண்ண மாடியில் அப்போதே ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த மாசம் லாபம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். கனமாக இருந்தால் லாபம். நாளைக்கு லைன் வண்டிக்குக் கொடுக்க வேண்டிய சரக்குப் பணமும் அதில் இருப்பதைச் சட்டைப் பை சொல்லாது.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. சுற்றிலும் வடக்கு ராஜன் வாய்க்காலை நம்பிய சம்பா நிலம். ஐப்பசியில் வாங்கிய சாமானுக்கு, தை, மாசியில் அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டு, பணம் பேங்கில் ஏறிய பிறகுதான் கணக்குத் தீரும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் பயிரோடு கடன் நோட்டும் முழுகும். வரவு போகத்துக்கு ஒரு முறை, ஹாஸ்டல் பீஸ் மாசாமாசம். இந்த இடைவெளியைத் தன் மூளையால் நிரப்புவதாக முதலாளி நினைக்கிறார். உண்மையில் நிரப்புவது அவர் மனைவியின் வளையல். வருஷம் பாதி அது அடகில்தான் இருக்கும்.

கணக்குப் பேச்சை எடுத்தால், வாசலில் தொங்கும் ஷாம்பு சரத்தைக் காட்டுவார். "ஷாம்ப பாக்கெட்ல போட்டு வித்தது யாரு? நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். அவரு மவன் ரங்கநாதன் 1983ல வெறும் 15,000 ரூபாய வெச்சி ஆரம்பிச்சாரு. இன்னிக்கி கெவின்கேர்! அவரு என்ன சிட்டையா எழுதினாரு?" கதை நிஜம். ஆனால் அந்தப் பிள்ளை முதலில் செய்தது, குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து தனியாகக் கணக்குத் தொடங்கியது. முதலாளி கதை சொல்லும்போது அந்த இடத்தில் மட்டும் யாராவது சர்க்கரை கேட்டு வந்துவிடுகிறார்கள்.

கிளைக்குப் பணம் வேண்டி முத்ரா கடன் கேட்டுப் போனார். 2015இல் வந்த திட்டம். 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். நமக்குக் கிஷோர்தான் பொருத்தம் என்று அவரே முடிவு செய்திருந்தார். மேனேஜர் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினார். சரக்குப் பணம், நகைக்கடன் வட்டி, போன் ரீசார்ஜ், குலதெய்வக் கோயில் நன்கொடை.

"இதுல கடை எதுங்க, வீடு எதுங்க?"

"ரெண்டும் நான்தான் சார்."

மேனேஜர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதே பேங்கில் அவர் மனைவிக்கு நாற்காலி போடுவார்கள். மகளிர் குழுவின் ஊக்குநர் அவர். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: எழுது. யார் வந்தார்கள், யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி எல்லாம் தீர்மான நோட்டில் இருக்கும். குழுக் கடனில் தன் பங்கைக் கிளைக்குத் தருவதாக அந்த அம்மா சொன்னார், சில நிபந்தனைகளோடு.

"ஏங்க, மாசம் உங்களுக்கு ஒரு சம்பளம். வீட்டுச் செலவு அதுக்குள்ள. மேல ஒரு ரூபா எடுத்தாலும் எழுதணும். பையன்கிட்ட ஒரு சாவி குடுக்கணும்."

"எங் கடையில எனக்கே சம்பளமா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். கடையில் முறுக்கு சாப்பிட்டார், அதையும் எழுதவில்லை. பிறகு சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டார், நோட்டுக்கும் ஒத்துக்கொண்டார். சாவிக்கு மட்டும் ஒரு மாசம் யோசிக்க வேண்டும் என்றார்.

அந்த ஒரு மாசத்தில் கடைப் பையன் சிதம்பரத்தில் வேறொரு கடைக்கு மேனேஜராகப் போய்விட்டார். அங்கே கல்லாச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.