மூணு ஈத்தும் காளைக்கன்னு

மருமவனே, உன் பசு மூணாவது ஈத்திலும் காளைக்கன்னு போட்டுதுன்னு பாறசாலைச் சந்தை முழுக்கப் பேச்சாக்கும். நீ ஜோசியரைப் பாத்தியாம். தொழுத்து வாசலைக் கிழக்கே திருப்பினியாம். தேங்காய்ப் புண்ணாக்கு வேற கூட்டி வச்சியாம். புண்ணாக்கு வச்சது நல்ல காரியம், பால் கொஞ்சம் கூடும். கன்னு காளையா கிடாரியாங்கிறதுல மட்டும் அதுக்கு ஒரு பங்கும் கிடையாது, கேட்டியா.

ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காளைப் பக்கம் ஒரு நூல் கூடுதல். மூணு தடவையும் காளைன்னா, எட்டுப் பசுவுல ஒண்ணுக்கு வரக்கூடிய சங்கதி. உன் தெருவுல மாடு வச்சிருக்கிற வீட்டை எண்ணிப்பாரு, யாராவது ஒருத்தன் மாட்டணும்லா? இந்தத் தடவை நீ. அதுக்காக நாலாவது கிடாரிதான்னு பந்தயம் கட்டிராதே. முந்தின மூணும் என்னன்னு கருவுக்கு யாரும் சொல்லி அனுப்புறது இல்ல.

பின்னே பசுவை எதுக்குடே ஏசுதே? அதோட ஒவ்வொரு செல்லுலயும் 60 குரோமோசோம் உண்டு. அதுல ரெண்டு எக்ஸ். காளைக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பசுவோட முட்டையில எப்பவும் எக்ஸ்தான் போகும், அதுகிட்ட வேற சரக்கு இல்ல. காளை விந்துல எக்ஸ் வந்து சேந்தா கிடாரி, ஒய் வந்து சேந்தா காளை. 1905-ல நெட்டி ஸ்டீவன்ஸ்னு ஒரு அமெரிக்கக்காரி மாவுல நெளியிற புழுவை ஆராஞ்சு இந்தச் சூட்சுமத்தைப் பிடிச்சா. நூறு வருஷம் தாண்டியாச்சு, நம்ம பக்கத்து மாமியார்மாருக்கு இன்னும் தாக்கல் வந்து சேரல்ல. உன் அம்மை என் தங்கச்சிதான். அதனால இதுக்கு மேல பேசல்ல.

ஜோசியர்கிட்டப் போனதுக்கு வெக்கப்படாதே. பழைய கிரேக்கத்துல அரிஸ்டாட்டிலே வடகாத்து அடிக்கையில சேந்தா ஆண்குட்டி, தென்காத்துல சேந்தா பெண்குட்டின்னு எழுதி வச்சவராக்கும். ரோமாபுரியில கொலுமெல்லான்னு ஒரு விவசாயப் பண்டிதர், கிடாரி வேணும்னா காளையோட வலது விதையைக் கட்டிவிடுன்னு சொல்லிட்டுப் போனார். கட்டப்போனவன் திரும்பி வந்தானான்னு அவர் எழுதல்ல. நம்ம நெய்யாறு டாமுல கிடக்குலா முதலை, அதுக்கு காத்து, சூடுன்னு சொன்னா ஒரு ஞாயம் உண்டு. மண்ணுக்குள்ள முட்டை எந்தச் சூட்டுல கிடக்குதோ அதை வச்சுத்தான் குஞ்சு ஆணா பெண்ணான்னு முடிவாகும். பசு முதலை இல்லடே. அதுக்கு எல்லாம் விந்து ஏறின அன்னைக்கே முடிஞ்சுபோகும்.

முன்னெல்லாம் காளை நடந்து வந்துச்சு, நம்ம கண்ணால பாத்தோம். 1963-ல சுவிட்சர்லாந்துக்காரனோட சேந்து மூணாறு மலையில மாட்டுப்பட்டியில திட்டம் போட்டாங்க. நாட்டுப்பசுவோட பிரவுன் சுவிஸ் காளையைச் சேத்து சுனந்தினின்னு ஒரு இனமே உண்டாச்சு. இப்ப அந்தப் பொறுப்பு கேரளா கால்நடை வளர்ச்சி வாரியத்துக்கு. ஆபீஸ் நம்ம திருவனந்தபுரம் பட்டத்துலதான். காளை மாட்டுப்பட்டியிலயும் குளத்துப்புழையிலயும் சொகமா நிக்கும். அதோட விந்து மெல்லிசா ஒரு குச்சிக்குள்ள அடைஞ்சு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல உறைஞ்சு, பைக்குல ஏறி உன் வாசலுக்கு வரும். கன்னுக்கு அப்பன் யாருன்னு குச்சியில அச்சடிச்சிருக்கும். அவ்வளவு தெளிவு எல்லா வீட்டுலயும் கிடையாது.

இப்ப கிடாரிக்குன்னே தனிக் குச்சி வந்தாச்சு. எக்ஸ் உள்ள விந்தணுவுல, ஒய் உள்ளதைவிட டி.என்.ஏ. நூத்துக்கு நாலு பங்கு கூடுதல். சாயத்தைக் கலந்து லேசர் வெளிச்சத்துல விட்டா, கூடுதல் உள்ளது கூடுதலா மினுங்கும். ஒவ்வொண்ணையும் ஒரு துளியில அடைச்சு, துளிக்கு மின்சாரம் ஏத்தி, இதை இந்தப்பக்கம் அதை அந்தப்பக்கம்னு இழுத்துப் பிரிப்பான். முறத்துல பதர் புடைக்கிற மாதிரிதான், ஆனா ஒரு நொடியில ஆயிரக்கணக்குல. அமெரிக்காவுல லாரன்ஸ் ஜான்சன்னு ஒருத்தர் 1989-ல முதல்ல முயல்ல செஞ்சு காட்டின வித்தை. வெளிநாட்டு மிஷின்காரனுக்கே எத்தனை நாள் அழுறதுன்னு, நம்ம நாட்டுலயே ஒண்ணைச் செஞ்சு 2024 அக்டோபர்ல மகாராஷ்டிராவுல பிரதமர் தொடங்கி வச்சார். அந்தக் குச்சியைப் போட்டா பத்துக்கு ஒன்பது கிடாரி.

இதுல ஒரு கூத்தைக் கவனிச்சியா? மனுஷன் வயித்துல ஆணா பெண்ணான்னு பாத்துச் சொன்னா 1994 சட்டப்படி கம்பி எண்ணணும். மாட்டு வயித்துல பெண்ணாப் பிறக்கணும்னா சர்க்காரே மானியம் தரும். வீட்டுக்குள்ள பையன் வேணும்னு நேர்ச்சை, தொழுத்துல பெண்ணு வேணும்னு நேர்ச்சை, ரெண்டும் ஒரே கோயில்லதான். திருவிதாங்கூர் அரண்மனை மட்டும் நேர்மையா இருந்துச்சு. மருமக்கள் வழியில பெண்ணு இல்லாட்டி வம்சமே கிடையாதுன்னு, 1900-ல மாவேலிக்கரையிலேர்ந்து ரெண்டு பெண்குட்டிகளைத் தத்தெடுத்தாங்க. மகாராஜாவாலயே முடியாத காரியம், நீ புண்ணாக்கு வச்சு முடிக்கப் பாக்குதே.

உன் காளைக்கன்னு எங்க போகும்னு நான் கேக்கல்ல. உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு, வண்டிக்கு ஆட்டோ வந்தாச்சு. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல என்ன குழம்புன்னும் நான் கேக்கல்ல.

குச்சி வாங்கத் தீர்மானிச்சிட்டேன்னா ஒண்ணு மட்டும் கேளு. சாதாரணக் குச்சியில ரெண்டு கோடி விந்தணு இருக்கும், இதுல இருபது லட்சம் பக்கம்தான். சாயம், லேசர், மின்சாரம்னு பட்ட பாட்டுல அதுகளும் கொஞ்சம் களைச்சுதான் வரும். அதனால சினை பிடிக்கிறது குறையும். நாலஞ்சு தடவை ஊசி போட்டும் நிக்காத கிழட்டுப் பசுவுக்குப் போட்டுட்டு டாக்டரை ஏசாதே. தீனி தின்னு தேறின முதல் ஈத்துக் கிடாரிக்குப் போடு. பருவம் 21 நாளுக்கு ஒருக்கா வரும், அதிகமா ராத்திரியிலதான் தெரியும். கத்தும், வழும்பு ஒழுகும், மத்தது மேல ஏறினா அசையாம நிக்கும். அந்த நேரத்தைக் குறிச்சு வச்சுச் சொன்னேன்னா, ஊசிக்காரர் சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் பிந்தியே போடுவார். டிவி சீரியல் முடிஞ்சு போய்ப் பாத்தேன், காலையில போன் பண்ணிச் சொல்லிக்கலாம்னா காசு தண்டம். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பத்துல ஒண்ணு உன் தொழுத்துல வந்து நின்னா, என்கிட்ட வராதே.

ஊசியே வேண்டாம், கிடாரியை விலைக்கே வாங்கிடலாம்னு நீ யோசிப்பே, உன்னை எனக்குத் தெரியும். கொழுத்து, பளபளன்னு, விலையும் கம்மியா ஒண்ணு வந்தா, அது ரெட்டைக் கன்னான்னு விசாரி. கூடப் பிறந்தது காளைன்னா, வயித்துக்குள்ள ரெண்டுக்கும் ரத்தம் கலந்து, காளையோட ஹார்மோன் கிடாரியோட கர்ப்பப்பையைக் கெடுத்திருக்கும். பத்துல ஒன்பது மலடு. 1916-லயே ஃபிராங்க் லில்லி இதை எழுதி வச்சாச்சு, மாட்டுத் தரகன் மட்டும் இன்னும் படிக்கல்லன்னு சொல்லுவான். அவன் துண்டைப் போட்டு விரலைப் பிடிக்க வரும்போதே, கூடப் பிறந்தது எங்கேன்னு கேளு. தலையைச் சொறிஞ்சான்னா, டீ மட்டும் குடிச்சிட்டு பஸ் ஏறு.