செட்டியல்: வடக்குத்து வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் குடிவந்த சொற்களுள், 'செட்' என்பதைப் போல அடக்கமாக நுழைந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட சொல் வேறில்லை எனலாம். 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 2-ஆம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்ற சொல் இதுவே என்றாலும், அங்கே நூற்றுக்கணக்கான பொருள்களில் சிதறிக் கிடந்த அது, நெய்வேலி நகரியத்தை ஒட்டிய வடக்குத்துக்கு வந்து சேர்ந்தபின், பொருள்களின் அமைப்பு, மனிதர்களின் சுபாவம் என்னும் இரு துறைகளில் மட்டும் ஒழுங்காக வேலை பார்க்கிறது.

சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்பதைத் தமிழ் மரபு ஏற்பதில்லையாதலின், இச்சொல் ஓர் உகரத்தைத் துணைக்கு அழைத்து, 'செட்டு' என வன்தொடர்க் குற்றியலுகரமாயிற்று. சிக்கனத்தைக் குறிக்கும் பழைய 'செட்டு' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், 'செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்று பாட்டி புகழ்வதைப் பேரன் வேறுவிதமாக விளங்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

முதலாவது, பொருட்செட்டு, அதாவது, தனித்து நின்றால் பயன்படாதவை கூடி நின்று பயன்தருவது. மைக்செட்டு, மேளசெட்டு, பம்ப்செட்டு ஆகியன இதன்பாற்படும். பரோட்டாக் கடையில் 'ஒரு செட்டு' என்றால் சால்னாவோடு இரண்டு பரோட்டா என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். மூன்று வேண்டுபவர் 'ஒன்றரை செட்டு' என்று கேட்பதில்லை, 'ஒரு செட்டு, தனியா ஒன்னு' என்றே கேட்கிறார் என்பதால், செட்டு பின்னப்படாத அலகு என்பது பெறப்படும். அணுவைப் பிளந்த நூற்றாண்டும் இதில் கை வைக்கவில்லை.

பம்ப்செட்டு இவ்வட்டாரத்தில் தனி மரியாதைக்குரியது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்டீசியன் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்கியெழாமல் இருக்கும் என்பதால், 1956-இல் நிறுவப்பட்டு இன்று என்எல்சி இந்தியா எனப்படும் நிறுவனத்தின் நெய்வேலி அனல்மின்சாரத்துக்கு அடியில் நீர் இறைக்கும் மோட்டார்களே உழைக்கின்றன. அவ்வளவு பெரிய இறைப்புக்குப் பக்கத்திலேயே, புட்வால்வு காற்று வாங்கிவிட்ட ஒரு தோட்டத்து மோட்டாரைச் சுற்றி நாலு பேர் நிற்க, குடத்துத் தண்ணீரைக் குழாயில் ஊற்றிப் பார்த்த மெக்கானிக், 'மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு, கிணறும் நல்லாத்தான் இருக்கு, ரெண்டுக்கும் செட்டாவல' என்று தீர்ப்புரைப்பதைக் கேட்கலாம். ஆய்வுக்கு இத்தீர்ப்பு மிக முக்கியமானது. ஏனெனில் பொருட்செட்டு குணச்செட்டாக மாறும் இடம் இதுதான்.

குணச்செட்டு என்பது 'ஆகு' என்னும் வினையோடு சேர்ந்து, உரியவரை நான்காம் வேற்றுமையில் நிறுத்திப் பேசுவது. 'எனக்கு நைட் ஷிஃப்ட் செட்டாவாது', 'அவருக்கும் மருமவளுக்கும் செட்டாவல' என்னும் தொடர்களில் குற்றவாளிக்கூண்டு காலியாக இருப்பதைக் காண்க. 'பிடிக்கவில்லை' என்றால் சொன்னவரின் வெறுப்பு வெளிப்படும். 'ஒத்துக்கொள்ளவில்லை' என்றால் பழி வயிற்றின்மேல் விழும். 'செட்டாகவில்லை' என்றாலோ இரு தரப்பும் நல்லவர்களாகவே எழுந்து போகலாம். பல மாநிலத்தார் ஒரே குடியிருப்பில், அடுத்தடுத்த சுவர்களுக்குள் வாழவேண்டிய ஊருக்கு இதைவிட உதவியான இலக்கணம் அமையாது. எதிரெதிர் ஷிஃப்டில் வேலை பார்க்கும் தம்பதியர் பல்லாண்டு செட்டாகியே இருப்பதற்கு, குணப் பொருத்தத்தைக் காட்டிலும் ஷிஃப்ட் அட்டவணையே காரணமாகலாம் என்றும் கருத இடமுண்டு. தரகர்கள் இதை ஜாதகத்தில் சேர்க்காதது வியப்பே.

எஞ்சியிருப்பது, இளைஞர் வழக்காகிய 'செட்டாயிடுச்சு' என்பதன் வகைப்பாடு. நண்பர்களிடம் சொல்லும்போது இது காதல் கைகூடியதைக் குறிக்கும். அதே சொல்லை வீட்டில் சொன்னால், தகப்பனார் 'எது, மோட்டாரா?' என்று கேட்பார். சம்பந்தப்பட்டோர் இருவர் என்பதால் இது பொருட்செட்டு என்பாரும், மனம் சார்ந்தது என்பதால் குணச்செட்டு என்பாரும் உளர். எதுவென்பது, பெண் வீட்டார் வந்து காபி குடித்துவிட்டுப் போனபிறகே தெரியவரும்.